தொட்டிக்கேற்ற இளங் குறவை மீன்

பிற மீன்களைப் பிடித்துண்ணும் மீன் ஒன்றைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க விரும்புவோர், குஞ்சை வாங்குமுன் அது முழு வளர்ச்சியில் எவ்வளவு நீளம் அடையும் என்பதை அறிதல் வேண்டும். சிறு குஞ்சாக விற்கப்படும் அலிகேட்டர் கார் என்னும் வட அமெரிக்க மீன் இரண்டு மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் ஸ்ரீநகரின் தால் ஏரியில் இம்மீன் ஒன்று அகப்பட்டது. தொட்டியில் அடங்காத அயல்நாட்டு மீன்களை ஏரி குளங்களில் விடுவதால் நாட்டு மீன்களுக்குக் கேடு விளையும்.

நம் நாட்டு நன்னீர் நிலைகளில் பரவலாக வாழும் புள்ளிக் குறவை தொட்டிக்கு ஏற்றது. விரால் ஒரு மீட்டர் வரை வளரக்கூடும். அதன் இனத்தைச் சேர்ந்த குறவையோ பெரும்பாலும் 15 செ.மீ. அளவிலேயே காணப்படுகிறது.

ஏழெட்டு செ.மீ. நீளமுள்ள குஞ்சே வாங்கத் தக்கது. அதன் முதுகு நேராகவும், கண்கள் தெளிவாகவும், துடுப்புகள் கிழியாமலும் இருத்தல் வேண்டும். வயிறு ஒட்டித் தலை மட்டும் பெருத்துத் தோன்றுவது பட்டினியின் அடையாளம். விற்பவரைக் கொண்டு மண்புழுத் துண்டு ஒன்றைத் தொட்டியில் இடச் செய்து பார்ப்பது நலம். இரையை நோக்கி உடனே திரும்பிக் கவ்வும் குஞ்சைத் தேர்ந்தெடுக்கலாம்.

தோலில் சிவந்த புண்ணோ, பஞ்சு போன்ற பூசணமோ உள்ளதா என்று கூர்ந்து நோக்குக. 1988ஆம் ஆண்டில் இந்தியாவிற்குள் பரவிய புண்நோய் விரால் இன மீன்களைப் பெரிதும் தாக்கியது. ஒரு மீனில் புண் காணப்படினும் அத்தொட்டியிலுள்ள வேறெதையும் வாங்கலாகாது.

கெண்டை மீன்கள் நீர்மட்டத்தில் வாய் திறந்து தவித்தால், நீரில் பிராணவாயு குறைந்துள்ளது எனக் களப்பணியாளர் அறிவர். குறவைக்கு இவ்விதி பொருந்தாது. செவுள்களுக்கு மேலுள்ள அறையில் காற்றை ஏற்று மூச்சுவிடும் மீனாதலால், அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்குவது அதன் இயல்பு. மேலே வர இயலாவிடில் அது மூச்சுத் திணறி இறக்கும். ஆனால் ஓயாது மேலேயே கிடப்பதும், செவுள்மூடி விரைந்து துடிப்பதும் நலக்குறைவைக் காட்டும். எனவே நீர்மட்டத்திற்கும் மூடிக்கும் இடையே காற்றுக்கு இடம் விடுக. துள்ளி வெளியேறும் மீனாதலால் மூடி இன்றியமையாதது.

வாங்கிய குஞ்சை இரு வாரங்கள் தனியே வைத்துக் கவனித்தல் நன்று. அளவில் வேறுபட்ட குஞ்சுகளை ஒன்றாக விட்டால் பெரியது சிறியதை உண்டுவிடும்.

வளர்க்க இயலாதபோது, நாட்டு மீனேயாயினும் அதைக் குளத்தில் விடலாகாது. தொட்டியில் பற்றிய நோய் அதனோடு குளத்தையும் சென்றடையும். வளர்க்க வல்ல வேறொருவரிடம் ஒப்படைப்பதே முறை. இதனை மாணவர் உணருமாறு செய்தல் ஆசிரியரின் கடமையாகும்.