இந்தியா விக்ஸ்: சந்தையோட பயத்துக்கு ஒரு மீட்டர்

மழைக்காலம் வந்தா எங்க பொழிச்சலூர்ல எல்லாருக்கும் ஒரு கண்ணு அடையாத்து மேலதான் இருக்கும். 2024 அக்டோபர்ல கனமழை எச்சரிக்கை வந்தப்போ, வேளச்சேரி மேம்பாலத்துல ஜனங்க வரிசையா கார் நிறுத்தினது ஞாபகம் இருக்கா? அந்தக் கார்களை எண்ணினா எவ்வளவு மழை பெய்யும்னு தெரியாது. ஜனங்க எவ்வளவு பயப்படுறாங்கன்னு தெரியும். பங்குச் சந்தையில அந்த வேலையைச் செய்யுற எண்தான் இந்தியா விக்ஸ். தேசிய பங்குச் சந்தை இதை 2008-ல ஆரம்பிச்சது. இதுக்கு முன்னோடி, சிகாகோ ஆப்ஷன் சந்தை 1993-ல கொண்டுவந்த விக்ஸ்.

பிரீமியத்துக்குள்ள என்ன இருக்கு?

நிஃப்டி இறங்கினா காசு வரணும்னு வாங்குறது புட் ஆப்ஷன். ஏறினா வரணும்னு வாங்குறது கால். ரெண்டுக்கும் இன்ஷூரன்ஸ் மாதிரி பிரீமியம் கட்டணும். அது முக்கியமா அஞ்சு விஷயத்தைப் பொறுத்தது: நிஃப்டி இப்போ எங்க இருக்கு, ஸ்ட்ரைக் விலை, எக்ஸ்பைரிக்கு எத்தனை நாள், வட்டி விகிதம், இனிமே நிஃப்டி எவ்வளவு ஆடும்ங்கிற கணிப்பு. முதல் நாலும் எல்லாருக்கும் தெரிஞ்சது. அஞ்சாவது தெரியாது. ஆனா பிரீமியம் ஸ்கிரீன்லயே ஓடுது. அதனால சமன்பாட்டைப் பின்னாடியிருந்து தீர்த்தா அஞ்சாவது கிடைச்சுடும். இதுக்குப் பேர் இம்ப்ளைடு வோலட்டிலிட்டி.

விக்ஸ் ஒரே ஒரு ஆப்ஷனை நம்புறதில்லை. நிஃப்டி இருக்கிற இடத்துக்குக் கீழே உள்ள புட்கள், மேலே உள்ள கால்கள், ரெண்டையும் சேர்த்துக்கும். வாங்குறவங்க, விக்கிறவங்க கேட்கிற விலைகளோட நடுமதிப்பை எடுத்து, ஒவ்வொண்ணையும் ஸ்ட்ரைக் விலையின் வர்க்கத்தால வகுத்துக் கூட்டுவாங்க. அதனால கீழ் ஸ்ட்ரைக் புட்களுக்கு எடை கொஞ்சம் கூட. அடுத்தடுத்த ரெண்டு எக்ஸ்பைரிக்கு வர்ற வேரியன்ஸை வெச்சு 30 நாளுக்குக் கணக்கிட்டு, வர்க்கமூலம் எடுத்து 100-ஆல பெருக்கினா விக்ஸ் ரெடி.

15-னா என்ன அர்த்தம்?

அது வருஷக் கணக்குல சதவீதம். வேரியன்ஸ்தான் காலத்தோட நேர்விகிதத்துல வளரும். அதனால வோலட்டிலிட்டியைச் சுருக்க வர்க்கமூலத்தால வகுக்கணும். ஒரு மாசத்துக்கு 15-ஐ √12-ஆல வகுத்தா சுமார் 4.3. நிஃப்டி 24,000-ல இருந்தா, அடுத்த 30 நாள்ல சுமார் 1,040 புள்ளி மேலயோ கீழயோ போகலாம்னு சந்தை நினைக்குது. நார்மல் டிஸ்ட்ரிபியூஷன்னு வெச்சுக்கிட்டா, அந்த எல்லைக்குள்ள நிற்க 68 சதவீத வாய்ப்பு. ஒரு நாளைக்கு வேணும்னா 16-ஆல வகுங்க (வருஷத்துக்குச் சுமார் 252 வர்த்தக நாள்). 2020 மார்ச்ல, கொரோனா நேரத்துல, விக்ஸ் 80-ஐத் தாண்டுச்சு. அதாவது, தினமும் 5 சதவீதம் ஆடினாலும் ஆச்சரியமில்லைன்னு சந்தை விலை போட்டுச்சு.

இது உங்களுக்கு எதுக்கு?

விக்ஸ் எவ்வளவு ஆடும்னுதான் சொல்லும், எந்தப் பக்கம்னு சொல்லாது. பயந்த அளவுக்கு நடக்கணும்னும் இல்லை. அந்த அக்டோபர்லயும் ரெட் அலர்ட் கொடுத்த 16-ம் தேதி எதிர்பார்த்த மழை வரலை.

2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாள். நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்துச்சு, விக்ஸ் 27 பக்கம் முடிஞ்சது. மறுநாள் நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல ஏறுச்சு, விக்ஸ் 19 பக்கம் இறங்கிடுச்சு. முந்தின நாள் பயத்துல பிரீமியம் வீங்கியிருந்தப்போ தூரத்து ஸ்ட்ரைக்ல கால் வாங்கினவரை நினைச்சுப் பாருங்க. திசை சரி. ஆனா பயம் வடிஞ்சதும் பிரீமியமும் வடியும். எதிர்பார்த்த லாபத்துல பெரும்பகுதி அதுலயே போயிடும், சில சமயம் நஷ்டமே வரும்.

செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்ட ஆய்வுப்படி, முந்தைய மூணு நிதியாண்டுல எஃப் அண்ட் ஓ-வுல இறங்கின தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். பட்ஜெட்டுக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டல் குரூப்ல "ஒரு லாட் போடலாமா மச்சி?"ன்னு மெசேஜ் வந்தா, முதல்ல விக்ஸைப் பாருங்க. அதை 16-ஆல வகுங்க. ஒரே நாள்ல அதைவிடப் பெரிசா நிஃப்டி நகரும்னு சொல்ல உங்ககிட்ட காரணம் இருக்கான்னு கேட்டுக்கங்க. இல்லைன்னா அந்தக் காசு மெஸ் பில்லுக்கு ஆகும்.