சாவி யார் கையில்?

கிளவுடில் இருக்கும் தகவலுக்குப் பூட்டு உண்டு. திறக்கும் அதிகாரம் யாருக்கு என்பதில்தான் சிக்கல்!

‘அட்வான்ஸ்டு டேட்டா புரொடெக்‌ஷன்’ என்ற வசதியைப் பிரிட்டனில் இனி யாரும் புதிதாகப் பெற முடியாது என 2025 பிப்ரவரி 21 அன்று ஆப்பிள் அறிவித்தது. ஆப்பிளின் கிளவுட் சேவையான ஐகிளவுடில் உள்ள தகவல்களைத் திறக்க வழி செய்யச் சொல்லி பிரிட்டன் அரசு ரகசிய உத்தரவு போட்டிருப்பதாக ‘வாஷிங்டன் போஸ்ட்’ எழுதி அப்போது இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

அப்படி என்ன வசதி அது? ஐகிளவுடுக்குப் போகும் படங்கள், குறிப்புகள், போன் பேக்கப் எல்லாமே என்கிரிப்ட் ஆகி, அதாவது பூட்டப்பட்டுத்தான் கிடக்கின்றன. ஆனால், அவற்றின் சாவி வழக்கமாக ஆப்பிளிடமும் இருக்கும். பாஸ்வேர்டை மறந்தவருக்கு நிறுவனம் கைகொடுக்க முடிவது அதனால்தான். சட்டப்படி உத்தரவு வந்தால் திறந்து கொடுக்க வேண்டியிருப்பதும் அதனால்தான்.

2022 டிசம்பரில் வந்த இந்த வசதியை இயக்கினால், சாவி பயனாளரின் கருவிகளில் மட்டுமே இருக்கும். பயனாளர் மட்டுமே திறக்கக்கூடிய எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் பெறும் தகவல் வகைகள், வசதி அறிமுகமானபோது 14-லிருந்து 23 ஆயின. இல்லாத சாவியை யார் கேட்டாலும் ஆப்பிளால் கொடுக்க முடியாது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆப்பிளின் ஐமெசேஜ் உரையாடல்கள் பிரிட்டனில் இன்றும் எண்ட்-டு-எண்ட் பாதுகாப்பில்தான் உள்ளன. ஆனால், ஐகிளவுட் பேக்கப்பை இயக்கியிருந்தால், அந்த உரையாடல்களின் சாவியும் பேக்கப்புக்குள் போய்விடும். பேக்கப்பின் சாவியோ ஆப்பிளிடம்!

சாவி எந்த நாட்டில் இருக்கிறது என்பதும் முக்கியம். 2018 பிப்ரவரியில் சீனப் பயனாளர்களின் ஐகிளவுட், குய்சோ மாகாண அரசு சார்ந்த நிறுவனத்தின் கைக்கு மாறியது. சாவிகளும் சீனாவிலேயே வைக்கப்பட்டன. அதற்கு முன் சீன அதிகாரிகள் அமெரிக்கச் சட்டத்தின் வழியாகத்தான் தகவல் கேட்க வேண்டியிருந்தது. அதன்பின் உள்நாட்டுச் சட்டமே போதும் என்றானது. என்கிரிப்ஷன் கணிதத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

சாவி நம் கையில் இருக்க, வாட்ஸ்அப் பேக்கப்பையும் 2021 முதல் பாஸ்வேர்டாலோ 64 இலக்கச் சாவியாலோ பூட்டலாம். ஆனால், செட்டிங்ஸில் நாமே போய் இயக்க வேண்டும். 64 இலக்கச் சாவியைத் தேர்ந்தெடுத்தால், அதைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். போனும் சாவியும் ஒன்றாகத் தொலைந்தால், வாட்ஸ்அப்பாலும் மீட்டுத் தர முடியாது.