விளக்கெண்ணெயும் மோட்டார் வண்டியும்

மோட்டார் வண்டிக்கு மண்ணைத் தோண்டி எடுக்கும் எண்ணெயே கதி, செடியில் விளையும் எண்ணெய்க்கு அதனிடம் ஜோலியில்லை என்பது படித்தவர்களிடையே வேரூன்றிப்போன அபிப்பிராயம். சரித்திரம் இதற்கு விரோதமாகச் சாட்சி சொல்லுகிறது.

1921-ம் வருஷத்தில் அமெரிக்க டியூசன்பெர்க் வண்டியின் நான்கு சக்கரங்களுக்கும் திரவ அழுத்தத்தால் இயங்கும் பிரேக் அமைந்தது. இம்மாதிரிப் பிரேக்குகள் பரவிய காலத்தில் அவற்றின் குழாய்களில் பெரும்பாலும் ஓடியது யாது? விளக்கெண்ணெயும் சாராயமும் கலந்த கலவையே! நம் பாட்டன்மார் வைக்கோற் கரியுடன் குழைத்துக் கட்டைவண்டி அச்சுக்கு இட்ட அதே விளக்கெண்ணெய்தான்.

இதற்குக் காரணம் உண்டு. ஆமணக்கெண்ணெயின் கொழுப்பமிலத்தில் நூற்றுக்குச் சுமார் 90 பங்கு ரிசினோலியிக் அமிலம். அதனால் அது சாராயத்தில் கரையும். நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் அவ்விதம் கரையா. பெட்ரோலிய எண்ணெயோ பிரேக்கிலிருந்த இயற்கை ரப்பர் வளையங்களை ஊதிப் பருக்கச் செய்துவிடும். விளக்கெண்ணெய் அத்தீங்கு செய்வதில்லை.

எனினும் குற்றம் சாராயத்தில் இருந்தது. அது 78 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதிப்பது. மலைச் சரிவில் ஓயாமல் பிரேக்கை மிதித்தால் திரவம் ஆவியாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதிகட்டை தரைமட்டும் போகும், வண்டியோ நில்லாது. ஆகவே கிளைக்கால் வகைத் திரவங்கள் அவ்விடத்தைப் பிடித்தன. இன்று 'டாட் 3' என்ற தரத்துக்குரிய புதுத் திரவம் 205 டிகிரிக்குக் கீழ் கொதிக்கலாகாது. சுதேசாபிமானத்தின் பெயரால் இக்காலத்துக் காரின் பிரேக்கில் விளக்கெண்ணெய் வார்க்கச் சொல்லுகிறவர் எவரேனும் இருப்பின், அவரை நாம் கோர்ட்டில் ஆதரிக்க மாட்டோம்.

அப்படியானால் செடியெண்ணெய்க்கு இடம் எங்கே? டிராக்டரிலும், மண்வெட்டும் யந்திரத்திலும், அறுவடை யந்திரத்திலும் பளுவைத் தூக்கும் திரவத்தில்தான். ஐரோப்பாவில் காடுகளில் மரம் அறுக்கும் யந்திரங்களுக்குக் கடுகினத்தைச் சேர்ந்த ரேப் விதையெண்ணெய்த் திரவம் வழங்குகிறது, ஐ.எஸ்.ஓ. 15380 என்ற சர்வதேசத் தரமும் உண்டு. குழாய் ஒன்று வெடித்தால் எண்ணெய் பீறிட்டு மண்ணில் பாயும். பெட்ரோலிய எண்ணெய் வெகுகாலம் தங்கி மண்ணையும் நீரையும் கெடுக்கும். செடியெண்ணெயை நுண்ணுயிர்கள் சீக்கிரம் தின்று தீர்த்துவிடும். குறைகளும் உள. சுமார் 80 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் அது காற்றோடு கூடிக் கெட்டியாகும், நீர் கலந்தால் சிதையும், விலையும் அதிகம். அதே எண்ணெயைப் பக்குவப்படுத்திச் செய்யும் எஸ்டர் திரவங்கள் சூட்டை இன்னும் நன்றாகத் தாங்குகின்றன. அவற்றின் விலையோ மேலும் அதிகம்.

உலகில் ஆமணக்கை மிகுதியாக விளைவிக்கும் தேசம் இந்தியா. அதிலும் முதன்மை குஜராத்துக்கு. அவ்வெண்ணெயைப் பெருவாரியாகப் பிற தேசங்களுக்கு ஏற்றுமதி செய்துவிட்டு, தஞ்சைக் கழனியில் இறங்கும் அறுவடை யந்திரத்துக்குப் பெட்ரோலிய எண்ணெயை வார்த்துக்கொண்டிருக்கிறோம்! தமிழ்நாட்டு வேளாண்மைப் பொறியியல் இலாகா விவசாயிகளுக்கு யந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. அவற்றுள் சிலவற்றில் ஒரு போகம் முழுதும் செடியெண்ணெய்த் திரவத்தை வார்த்து, ரப்பர் வளையங்கள் தாங்கினவா, நம் கோடைச் சூட்டில் எண்ணெய் கெட்டதா, செலவு எவ்வளவு கூடியது என்பவற்றைத் தமிழில் அச்சிட்டு வெளியிடும்படி சர்க்காரைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.