இரண்டே கேள்விகள்

சூதாட்டம் ஒருவரைப் பிடித்து ஆட்டுகிறதா என்று அறிய, எவ்வளவு பணம் போனது என்று கேட்டால் போதாது. கள்ளக்குறிச்சிக் கடைக்காரருக்கு ஆயிரம் ரூபாய் கைச்செலவாக இருக்கலாம். கல்வராயன் மலையில் மரவள்ளி பயிரிடுபவருக்கு அது வீட்டு அரிசிப் பணம். 1997-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு வினாப்பட்டியல் தொகையையே கேட்பதில்லை. சூதாடிய அளவை வேண்டியவர்களிடம் மறைத்துப் பொய் சொன்னதுண்டா, மேலும் மேலும் பணம் கட்டத் தோன்றியதுண்டா, அவ்வளவுதான்.

பொய் சொல்பவர் இதற்கு மட்டும் உண்மை சொல்வாரா? குற்றம் சாட்டாமல், தனியே, கனிவாகக் கேட்டால் வாய் திறக்கக்கூடும். ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் நோய் உறுதியாகிவிடாது; மருத்துவர் விரிவாக விசாரிக்க வேண்டும். கேள்வியைத் தமிழாக்கினால் மட்டும் போதாது, கல்வராயன் மலையின் வெள்ளிமலை போன்ற ஊர் மக்களிடமே கேட்டுப் பார்த்துத் திருத்த வேண்டும். மனம்விட்டுப் பேச டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி உண்டு: எண் 14416, கட்டணமில்லை.