ஊர்ப் பெயரும் ஒரு வரலாறே

கண்டி மாநகருக்குப் பேருந்தில் வருகின்ற நாம் வழிநெடுக ஊர்ப் பெயர்ப் பலகைகளை வாசிக்கின்றோம். அவற்றின் பொருளை வினவுவதில்லை. வினவினால், ஒவ்வொரு பெயரும் தன் நிலத்தின் இயல்பை நமக்குச் சொல்லும்.

சிங்களத்தில் 'கந்த' என்றால் மலை. மலைமேலுள்ள நாடு என்னும் பொருள்பட வழங்கிய 'கந்த உட ரட்ட' என்பதைப் போர்த்துக்கேயர் சுருக்கி வழங்கினர். அதுவே கண்டி என நிலைத்தது. நகரை வளைந்தோடும் மகாவலி கங்கையோ 'பெருமணல் ஆறு'. ஆற்றைக் கடக்கும் துறைக்குத் 'தொட்ட' என்று பெயர். ஆகவே கட்டுகஸ்தோட்டையில் தோட்டத்தைத் தேடுதல் வீண். அது துறையின் பெயர்.

நகர் நடுவேயுள்ள ஏரி முன்னர் வயல் நிலமாயிருந்தது. கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அங்கே அணைகட்டி நீரைத் தேக்கினான். அவ்வேரிக்குக் 'கிரி முஹுத', அதாவது பாற்கடல், என்று பெயர். 1815 இல் மன்னன் அரசிழந்தான். 1832 இல் வேலூரில் உயிர் நீத்தான். ஏரியும் பெயரும் இன்றும் உள.

மலைகளுக்கிடையே நீர் தங்கும் தாழ்நிலத்தைச் சிங்களவர் 'தெனிய' என்பர். தொலைவிலுள்ள நோர்வே நாட்டிலும் பள்ளத்தாக்கைக் குறிக்கும் 'டால்' என்னும் சொல் எத்தனையோ ஊர்ப்பெயர்களின் ஈற்றில் நிற்கின்றது. மலைநாட்டு மாந்தர் எங்கும் ஒருபடியாகவே பெயரிட்டனர் போலும்! நாம் பேராதனை என்பதும் சிங்களத்தில் 'பேராதெனிய'வே. அதனைக் கொய்யா மரத் தாழ்நிலம் என்பர் பலர். ஆயின் கொய்யா அமெரிக்காவிலிருந்து வந்த மரம். ஊர்ப்பெயர் அம்மரத்தின் வருகைக்கு முற்பட்டதாயின் அப்பொருள் பொருந்தாது. செவிக்கு இனிய விளக்கமெல்லாம் மெய்விளக்கம் ஆகிவிடாது என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்வாராக.

தெல்தெனியவின் கதை வேறு. 1985 இல் நிறைவெய்திய விக்டோரியா அணையின் நீர்த்தேக்கத்துள் பழைய பட்டினம் மூழ்கியது. மக்களோ மேட்டு நிலத்தில் எழுந்த புதிய பட்டினத்துக்கும் அப்பெயரையே சூட்டினர். தாழ்நிலம் நீருள் மறைந்தும் 'தெனிய' மறையவில்லை.

இனி, நம் வீட்டுக்கு வருவோம். தோட்டங்களில் உழைத்த நம் முன்னோர் கோயிலையும் மரத்தையும் கங்காணியாரின் பெயரையும் கொண்டு மலைகளுக்கும் ஓடைகளுக்கும் தமிழிற் பெயரிட்டனர். அவற்றுட் பெரும்பாலானவை எந்தப் படத்திலும் இல்லை. முதியோர் நாவில் மட்டுமே வாழ்கின்றன. தெல்தெனியவுக்கு வாய்த்த புதுப் பட்டினம் அவற்றுக்கு வாய்க்காது. எனவே, மாணவர்களே, இந்த ஞாயிறன்றே பாட்டியின் அருகமர்ந்து கேளுங்கள். கேட்டதைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். எழுதாத பெயர் சொல்வாரோடு போய்விடும்.