ரிவர்ஸ்டனில் கேட்ட ஒரு கேள்வி

போன பெருநாள் லீவில் பிள்ளைகளோடு ரிவர்ஸ்டன் போயிருந்தேன். மாத்தளைக்காரனுக்கு அது புதிய இடமல்ல. ரத்தோட்டை தாண்டி ஏறினால் காற்று ஆளைத் தள்ளும். மூடுபனி இறங்கினால் பக்கத்தில் நிற்பவர் தெரியாது. விலகும்போது உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரம் மட்டும் தெரியும். மூத்த மகன் அங்கேயும் போனும் கையுமாக நின்றான். செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தான். நான் வேண்டுமென்றே ஒரு கேள்வி கொடுத்தேன்.

"ஒரு சிங்களவர் ஒராளப் பாத்து 'தம்பியா' எண்டு எழுதினா என்ன அர்த்தம் எண்டு கேளு மகன்."

"தமிழ்ச் சொல்லாம் வாப்பா. பாசமாக் கூப்பிடுறதாம்."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழில் அது பாசம்தான். சிங்களத்தில் அதே சொல் எங்கள் மீது எறியப்படுகிற வசை. பஸ்ஸில், சந்தையில் அதைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

ரிவர்ஸ்டன் இருப்பது நக்கிள்ஸ் மலைத்தொடரில். அதே மலைகளின் மறுபுறம், கண்டி மாவட்டத்தில்தான் தெல்தெனியவும் திகனவும் இருக்கின்றன. 2018 பெப்ரவரி 22இல் தெல்தெனியவில் வீதித் தகராறு ஒன்றில் முஸ்லிம் இளைஞர்கள் சிலர் ஒரு சிங்கள லொறிச் சாரதியைத் தாக்கினார்கள். மார்ச் தொடக்கத்தில் அவர் ஆஸ்பத்திரியில் மரணமானார். குற்றம் குற்றம்தான், அதற்கு நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் அதற்குள் பேஸ்புக்கில் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. அம்பாறையில் முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்திருந்ததாம். பரிசோதித்துப் பார்த்ததில் அது வெறும் மாவுக் கட்டி என்று பின்னர் தெரிந்தது. மனிதரை நிரந்தர மலடாக்கும் அப்படியொரு மாத்திரை உலகத்திலேயே இல்லை. அந்த விளக்கம் வந்து சேர்வதற்கிடையில் பள்ளிவாசல்களும் வீடுகளும் கடைகளும் எரிந்துவிட்டன. திகனயில் எரிந்த வீட்டுக்குள் ஒரு இளைஞர் இறந்துபோனார். மார்ச் 6இல் அவசரகால நிலை. 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் முடக்கப்பட்டன.

உண்மையைச் சொல்கிறேன், முடக்கியபோது நான் சந்தோஷப்பட்டேன். 'இதை முந்தியே செஞ்சிருக்கணும்' என்று வீட்டில் சொன்னதும் ஞாபகமிருக்கிறது.

முஸ்லிம்களைக் குழந்தை உட்பட விட்டுவைக்காமல் கொல்லச் சொன்ன ஒரு சிங்களப் பதிவைப் பற்றி அந்த நாட்களில் பேஸ்புக்கிடம் முறைப்பாடு போனது. அது தங்கள் விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது. இது எப்படி நடக்கும்? இதை விளங்கிக்கொள்ள, அந்த நிறுவனத்துக்குள் இரண்டு விதமான கணக்குகள் ஓடுகின்றன என்பதைத் தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பதிவை யார் கண்முன்னால் மேலே கொண்டுவருவது என்று தீர்மானிப்பது ஒன்று. அதற்கு மொழி தெரியத் தேவையில்லை. எத்தனை பேர் பகிர்ந்தார்கள், எத்தனை பேர் கொமண்ட் போட்டார்கள், எவ்வளவு நேரம் நின்று பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை போதும். கோபம் நன்றாக எண்ணிக்கை கூட்டும். மற்றது, ஆபத்தான பதிவைக் கண்டுபிடித்து நிறுத்துகிற கணக்கு. இதற்கு மொழி வேண்டும். 'இது வசை, இது வசையல்ல' என்று மனிதர்கள் அடையாளமிட்ட ஆயிரமாயிரம் உதாரணங்களைக் காட்டித்தான் அந்த இயந்திரத்தைப் பழக்க முடியும். ஆங்கிலத்தில் அப்படிப்பட்ட உதாரணங்கள் குவிந்து கிடக்கின்றன. சிங்களத்திலும் தமிழிலும் சொற்பம். போதாததற்கு, நம்மவர்கள் சிங்களத்தையும் தமிழையும் ஆங்கில எழுத்தில் எழுதுவார்கள், பாதி வாக்கியத்தில் மொழி மாறுவார்கள். ஆகவே வெறுப்பைப் பரப்பும் பகுதி 2018இல் இலங்கையில் முழு வேகத்தில் ஓடியது. நிறுத்தும் பகுதியோ வாசிக்கத் தெரியாமல் நின்றது.

தெரியாமல் நடந்தது என்றும் சொல்ல முடியாது. அளுத்கம வன்செயல் நடந்த 2014இலேயே, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் இலங்கையின் பேஸ்புக் வெறுப்புப் பேச்சு பற்றி ஆய்வறிக்கை வெளியிட்டிருந்தது. ஆர்ட்டிக்கிள் வன் என்ற நிறுவனத்தைக் கொண்டு பேஸ்புக் செய்வித்த மதிப்பீடு 2020 மே மாதம் வெளியானது. அப்போதுதான் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. சிங்களமும் தமிழும் தெரிந்த ஆட்களை அதிகம் சேர்த்திருப்பதாகவும் சொன்னது.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் மற்ற விஷயம் நடந்தது. ஓய்வுபெற்ற அரச ஊழியரான ரம்ஸி ராஸிக், இனவாதத்துக்கு எதிராகப் பேனாவாலும் கீபோர்டாலும் கருத்தியல் ஜிஹாத் செய்ய வேண்டும் என்ற பொருளில் பேஸ்புக்கில் எழுதினார். 2020 ஏப்ரலில் கைதானார். காரணமாகக் காட்டப்பட்ட சட்டங்களில் ஒன்று, வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கவென்று 2007இல் வந்த ஐசிசிபிஆர் சட்டம். இனவாதிகள் மீது பாயும் என்று நாம் எதிர்பார்த்த அதே சட்டம்! ஐந்து மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 நவம்பரில். 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்புக்காகக் கைதான அஹ்னாப் ஜஸீமின் கதை இந்த இதழின் வாசகர்களுக்குத் தெரியும். அவர் விடுதலையானது 2023 டிசம்பரில். அங்கே கவிதையைத் தவறாக வாசித்தது எந்த இயந்திரமும் அல்ல.

2018இல் நான் பட்ட சந்தோஷம் அதற்குப் பிறகு நிலைக்கவில்லை. முடக்கும் ஆளி ஒருவர் கையில் இருந்தால், அவர் நமக்காக மட்டும் அதை அமுக்குவார் என்று நினைத்தது என் பிழை. 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பொய்யான கூற்று எதுவென்று தீர்மானிக்கும் வேலையை ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவிடம் கொடுக்கிறது. அவர்களை நியமிப்பவர் ஜனாதிபதி, அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்தோடு. மறுபக்கம், 2025 ஜனவரியில் மெட்டா நிறுவனம் அமெரிக்காவில் வெளியார் உண்மை சரிபார்ப்பைக் கைவிட்டு, வெறுப்புப் பேச்சு விதிகளையும் தளர்த்தியது. அங்கே எடுக்கும் முடிவு கொஞ்ச நாளில் இங்கே வந்து சேரும்.

நம் நாட்டிலேயே ஒரு நல்ல வாசகம் இருக்கிறது. 2022இன் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், மனிதர் யாரும் பார்க்காமல் இயந்திரம் மட்டுமே எடுத்த தீர்மானத்தை மீளாய்வு செய்யக் கேட்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டிய முக்கிய பகுதிகள் தள்ளிப்போயின. நம் எம்பிமார் இதைப் பற்றிப் பாராளுமன்றத்தில் கேட்டால் நல்லது. பள்ளிவாசல் நிர்வாகங்களும் படித்த பிள்ளைகளும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. வெறுப்புப் பதிவைக் கண்டால் ஏசிவிட்டுப் பகிராமல், திகதியும் இணைப்பும் தெரியப் படமெடுத்து வைத்து, முறைப்பாடு செய்து, வருகிற பதிலையும் சேர்த்து வைப்பது. 2018 ஏப்ரலில் சிவில் அமைப்புகள் பேஸ்புக் தலைவருக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் கனதியாக நின்றது, யாரோ சிலர் அப்படி எடுத்து வைத்திருந்ததால்தான்.

இறங்கும்போது மகன் என் போனை வாங்கிப் படம் எடுக்கப் பார்த்தான்.

"இடமில்ல வாப்பா. 2018ல எடுத்த ஸ்கிரீன்ஷொட் எல்லாம் இன்னும் ஈக்குது. அழிக்கட்டா?"

"அத விடு. ஒண்ட போன்ல எடு" என்றேன்.