பெண் கடல்தானே என்று இருந்துவிட்டேன்!

எங்கள் ஆரணிக் குழந்தைகளுக்குத் தெரிந்த தண்ணீர் ஏரியும், மழைக்காலத்துக் கமண்டல நாக நதியும்தான். கோடை விடுமுறையில், பாவு முடிந்து தறி நின்ற சமயம் பார்த்து, நாத்தனார் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரம் போனோம்.

கோயிலுக்குக் கிழக்கே அக்னி தீர்த்தம். மெரினாவில் அலையைக் கண்டு அலறிய பிள்ளைகள் இங்கே குதியாட்டம் போட்டார்கள். கடல் குளம் மாதிரிக் கிடந்தது. பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. எதிரே இலங்கை மறைத்து நிற்பதால் பெரிய அலை வருவதில்லை. தெற்கே கொந்தளிக்கும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், இதைப் பெண் கடல் என்றும் அங்கே சொல்கிறார்கள்.

"பெண் கடல்தானே, என்ன பயம்?" என்று நானும் கரையில் உட்கார்ந்து ஈரத் துணிகளைப் பிழிய ஆரம்பித்தேன். நாலு துணி பிழிந்திருப்பேன். நிமிர்ந்தால் மூன்று வயதுச் சின்னவனைக் காணோம்! முழங்கால் அளவுத் தண்ணீரில் குப்புறக் கிடந்தான். கத்தவுமில்லை, கையை அடிக்கவுமில்லை. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் வாரித் தூக்கினாள். இருமி, கக்கி, அப்புறம்தான் அழுதான். அந்த அழுகையைக் கேட்டபிறகே எனக்கு உயிர் வந்தது.

"நீங்க பாத்துக்குவீங்கன்னுதானே அண்ணி, சங்கு மாலை வாங்கப் போனேன்" என்றாள் நாத்தனார். என்ன பதில் சொல்ல? வீட்டில் தறிக்குழி ஓரம் குழந்தை நகர்ந்தாலே ஓடிப்போய்த் தூக்குகிறவள் நான்!

சகோதரிகளே, குழந்தை மூழ்குவது சத்தமில்லாமல், ஓரிரு நிமிஷத்தில் நடந்துவிடும். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் தண்ணீரிலேயே நிற்கவேண்டும். யார் பார்ப்பது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். காற்றடித்த ட்யூபை நம்பாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வீசினால் இந்தக் கடலும் பொங்கும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்ததை மறக்கலாமா?

மூழ்கிய குழந்தையைத் தலைகீழாக ஆட்டுவதும், வயிற்றை அமுக்குவதும் கூடாது. மூச்சில்லாவிட்டால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, நடு மார்பைத் திரும்பத் திரும்ப அழுத்தவேண்டும். இன்னொருவர் 108-க்குப் போன் செய்யட்டும். பிழைத்த பிறகும் இருமல், மூச்சுத் திணறல் இருந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

"மறுபடி எப்ப கடலுக்கு?" என்று கேட்கிறான் சின்னவன். போவோம், கண்ணு. துணியை ரூமுக்குப் போய்ப் பிழிந்துகொள்கிறேன்.